யூனியன், லிங்கன், ஆடம்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை 152/94. மாலை 146/90.

டாக்டர் இரண்டு வேளையும் இரத்த அழுத்தம் பார்த்து எழுதிவரச் சொல்லியிருக்கிறார். அதற்காக வாங்கிய நோட்டு இது. எண்ணை மட்டும் எழுதினால் மீதிப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. பத்தொன்பது வருடமாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் படிவம் நிரப்பிவருகிறவன் நான். காலியாக ஒரு கட்டத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

ஆகவே இன்றைய கணக்கு: காலை ஐந்து மணி ஷிப்ட். ஒன்றரைக்கு விடுதலை. வரும் வழியில் கொத்தமல்லி, பால். மூன்று மணியிலிருந்து ஸ்கேனர்.

ஸ்கேனரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜூன் மாதத்திலிருந்து அதுதான் என் பொழுதுபோக்கு. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி, மேலே குச்சிபோல ஒரு ஆண்டெனா. இந்த ஊர்ப் போலீஸ் வயர்லெஸ்ஸில் தங்களுக்குள் பேசிக்கொள்வது அதில் கேட்கும். பழைய ரேடியோவில் கேட்காது. இப்போது எல்லாம் டிஜிட்டல். பேச்சை எண்ணாக மாற்றி அனுப்புகிறார்கள், அதுவும் ஒரே அலைவரிசையில் நிற்காமல் தாவிக்கொண்டே போகிறார்கள். இந்தப் பெட்டி அவர்கள் பின்னாலேயே ஓடிப் பிடித்து, எண்ணை மறுபடி குரலாக்கித் தருகிறது. வீட்டில் வைத்துக் கேட்பது இங்கே குற்றமில்லை. காரில் வைத்துக் கேட்டால் இந்த மாநிலத்தில் குற்றம். இதையெல்லாம் நன்றாக விசாரித்துவிட்டுத்தான் வாங்கினேன். விசாரிக்காமல் ஒரு காரியத்தைச் செய்து பட்டது போதும்.

மகன் அமுதனுடைய அறை ஜன்னலோரத்தில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது. அதனால் அங்கே உட்காருகிறேன். வேறு காரணம் இல்லை.

தமயந்தி துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "இன்னும் அதைத்தான் கேட்டுட்டு இருக்கியளா? என்னதான் சொல்லுதான் அதுல?"

"யாரோ ஒரு அம்மாவோட பூனையைக் காணோமாம்."

"நல்லாத் தேடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என் மனைவிக்கு இப்போதெல்லாம் என்னிடம் ஒரு வரிக்கு மேல் பேச்சு இருப்பதில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

150/92. மாலை பார்க்கவில்லை. முழங்கால் வலி.

தொழிற்சாலையில் என்னைப் 'பீட்' என்று கூப்பிடுகிறார்கள். பக்கத்து மேஜையில் வேலை பார்க்கும் டெனிஸ் வைத்த பெயர். ஸ்கேனரை எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

என் பெயர் உலகநாதன். அப்பா பெயர் பேச்சிமுத்து. சங்கரன்கோவிலில் இருந்தவரை பே. உலகநாதன் என்று எழுதினால் விஷயம் முடிந்தது. அமெரிக்காவில் இறங்கியதும் முதல் பெயர் என்ன, கடைசிப் பெயர் என்ன என்று கேட்டார்கள். கடைசிப் பெயருக்கு நான் எங்கே போவேன்? அப்பா பெயரைக் கொடுத்தேன். அன்றைக்குப் பிடித்தது, இருபத்துமூன்று வருடமாக நான் மிஸ்டர் பேச்சிமுத்து. பல் டாக்டரிடம் போனால் என் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், நான் எழுந்து போகிறேன்.

என் பெயரும் வீணாகிவிடவில்லை. தமயந்திக்கும் அமுதனுக்கும் அதுதான் கடைசிப் பெயர். தமயந்தி உலகநாதன், அமுதன் உலகநாதன். காகிதத்தைப் பார்த்தால் அவர்கள் இருவரும் ஒரு குடும்பம், நான் யாரோ. அமுதன் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியில் அவனைக் கூட்டிவரப் போனால், பெயர் பொருந்தவில்லையே, நீங்கள் யார் என்று வாசலிலேயே நிறுத்திவைத்தார்கள். அவன் உள்ளே இருந்து ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்ட பிறகுதான் விட்டார்கள்.

ஆகஸ்ட் 9, சனி

148/90.

தமயந்தி சனிக்கிழமைதோறும் கோயில் சமையலறையில் சேவை செய்யப் போகிறாள். மூன்றரைக்குக் கிளம்பினால் வர ஆறரை ஆகும். அவளுக்குக் கார் ஓட்ட வராது. தோழி பார்கவி முக்கு மருந்துக் கடையில் வந்து ஏற்றிக்கொள்கிறாளாம். வீட்டு வாசலுக்கே வரலாமே என்றேன்.

"அவளுக்கு நம்ம தெருவுல வண்டியைத் திருப்ப வராது."

நான்கு டப்பா எடுத்துப் போனாள். கோயிலில் சமைக்கப் போகிறவள் வீட்டிலிருந்து ஏன் குழம்பு கொண்டுபோகிறாள் என்று தெரியவில்லை. கருவாட்டு வாசனை மாதிரி வேறு வந்தது. கோயிலுக்குக் கருவாட்டுக் குழம்பு போகாது. என் மூக்குக்கும் வயதாகிவிட்டது.

தோசை மாவு இப்போதெல்லாம் மூன்றே நாளில் தீர்ந்துவிடுகிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

154/96. டாக்டர் கேட்டால் உப்பு என்று சொல்ல வேண்டும்.

எழுத ஆரம்பித்தாயிற்று, இதையும் எழுதிவிடுகிறேன். அமுதன் எங்கள் ஒரே மகன். இருபத்துமூன்று வயது. மார்ச் 14 முதல் அவன் இந்த வீட்டில் இல்லை.

கல்லூரிக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு வருடம் போகாமலே இருந்திருக்கிறான். ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறான். அது தெரியவந்த அன்று வீட்டில் வாய்ச்சண்டை. கையும் நீண்டது. போலீஸ் வந்தது. யார் கூப்பிட்டார்கள் என்பது இப்போது முக்கியமில்லை. அவனைக் கொண்டுபோனார்கள்.

பிறகு நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. ஒரு வருடத்துக்கு அவன் என்னோடு பேசக்கூடாது, எழுதக்கூடாது, நான் இருக்கும் இடத்துக்கு வரக்கூடாது. மீறினால் அந்த இடத்திலேயே கைது, இந்த முறை சிறை. நானாக அவனைத் தேடிப் போனாலும் மாட்டிக்கொள்வது அவன்தான். எங்கே தங்கியிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. தமயந்தியும் தெரியாது என்றுதான் சொல்கிறாள்.

அதனால் கேட்கிறேன். இந்த ஊரில் யாருக்கு என்ன ஆனாலும் முதலில் பெயர் வருவது இந்தப் பெட்டியில்தான். விபத்தானாலும் சரி, அடிதடியானாலும் சரி. கடைசிப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்வார்கள், ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஏ என்றால் ஆடம், எல் என்றால் லிங்கன். என் பெயரை எப்படிச் சொல்வார்கள் என்று எழுதிப் பார்த்தேன். யூனியன், லிங்கன், ஆடம், ஜார்ஜ், ஆடம், நோரா, ஆடம், டாம், ஹென்றி, ஆடம், நோரா. அது வராத நாள் நல்ல நாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

வரவில்லை. 146/90.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வரவில்லை. புல் வெட்டினேன். இடுப்புப் போய்விட்டது.

ஆகஸ்ட் 23, சனி

கட்டுப்பாட்டு அறையில் பேசும் பெண்களில் ஒருத்திக்கு நிதானமான குரல். வீடு தீப்பற்றினாலும் பஸ் நேரம் சொல்வதுபோலத்தான் சொல்வாள். இன்று அந்தக் குரல் "யூனியன்" என்றது.

எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் விழுந்தது. அடுத்த சொல் "வீதி". யூனியன் வீதியில் தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கிறதாம்.

பத்து நிமிடம் அவனுடைய கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். படுக்கை விரிப்பைத் தமயந்தி வாராவாரம் மாற்றுகிறாள். யாரும் படுக்காத கட்டிலுக்கு எதற்கு என்று ஒருமுறை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது கேட்பதில்லை.

செப்டம்பர் 3, புதன்

150/94.

டெனிஸ் மதிய உணவின்போது துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். அக்டோபர் ஒன்றாம் தேதி முதல் போலீஸ் பேச்சு முழுவதையும் பூட்டப்போகிறார்கள். சாவி இருக்கும் ரேடியோவில் மட்டும்தான் கேட்கும். நம் பெட்டிகளில் எண் ஓடும், குரல் வராது. நகரசபையில் தீர்மானம் ஆகிவிட்டது.

முப்பது வருடம் கேட்டவர். இனிச் சாயங்காலம் என்ன செய்வேன் என்று புலம்பினார். பிறகு என்னைப் பார்த்து, "உனக்கென்ன பீட், நீ நேற்றுத்தானே ஆரம்பித்தாய்" என்றார். ஆமாம் என்றேன்.

இருபத்தெட்டு நாள் இருக்கிறது.

செப்டம்பர் 6, சனி

156/98. வீட்டில் யாரும் இல்லை. தமயந்தி கோயிலுக்குப் போயிருக்கிறாள். எழுதிவிடுகிறேன்.

அன்று போலீஸை நான்தான் கூப்பிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டுக் கூப்பிட்டிருப்பார் என்று தமயந்தியிடம் சொன்னேன். ஆறு மாதமாக அந்த மனிதருக்கு அவள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் பாவம், நல்லவர்.

எனக்குப் பத்தொன்பது வயதில் ஒரு கெட்ட சகவாசம் இருந்தது. அப்பா ஒருநாள் காலையில் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். சப்-இன்ஸ்பெக்டர் அவருக்குப் பழக்கம். "இவனைக் கொஞ்சம் கண்டிச்சு விடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். என்னை இரண்டு மணி நேரம் சுவரோரமாக நிறுத்திவைத்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். பிறகு டீ வாங்கிக் கொடுத்து அப்பாவோடு அனுப்பினார். அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் அது ஊரறிந்த வைத்தியம். எழுத்தும் கிடையாது, வழக்கும் கிடையாது.

அன்று அமுதன் என்னைத் தள்ளினான். செருப்பு அலமாரியில் போய் விழுந்தேன். முழங்கை சிராய்த்தது, வேறொன்றும் இல்லை. அவன் தள்ளிய வேகத்திலேயே தூக்கவும் வந்தான். நான் அவன் கையைத் தட்டிவிட்டுப் போனை எடுத்தேன். "என் மகன் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை, ஒரு அதிகாரியை அனுப்பிப் புத்தி சொல்லுங்கள்" என்று அவசர எண்ணில் சொன்னவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இரண்டு வண்டி வந்தது. அவன் உங்கள் மேல் கைவைத்தானா என்று கேட்டார்கள். ஆமாம் சார், தள்ளினான் என்றேன். அப்படிச் சொன்னால்தானே உறைக்கும்படி கண்டிப்பார்கள். சொல்லி முடிப்பதற்குள் அவனைத் திருப்பி நிறுத்தி விலங்கு மாட்டிவிட்டார்கள். வேண்டாம் சார், பேசினால் போதும் சார் என்று பின்னாலேயே ஓடினேன். இனி அது உங்கள் கையில் இல்லை என்றார் ஒரு அதிகாரி. மரியாதையாகத்தான் சொன்னார்.

அமுதன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

செப்டம்பர் 13, சனி

148/92.

மளிகைக் கடையில் பார்கவியின் கணவரைப் பார்த்தேன். முகமெல்லாம் தாடி, கூடை நிறைய உடனடி நூடுல்ஸ். பார்கவி ஜூலை முதல் தேதியே இந்தியா போய்விட்டாளாம், அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன். தீபாவளிக்குத்தான் வருவாளாம்.

அப்படியானால் சனிக்கிழமை தமயந்தியை யார் ஏற்றிப் போகிறார்கள்? வீட்டுக்கு வந்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. பதிலுக்கு எனக்குப் பயமாக இருந்தது என்று இங்கே எழுதலாம், யார் படிக்கப்போகிறார்கள்.

செப்டம்பர் 20, சனி

வரவில்லை. நான்கு டப்பா போனது. நானே மருந்துக் கடை முக்குவரை தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். "வேண்டாம், வெயிலா இருக்கு" என்றாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 27, சனி

இரவு 178/104. எழுத்து கோணலாக வரும்.

தமயந்தி மூன்றரைக்குப் போனாள். நான் வழக்கம்போல ஜன்னலோரம். கடைசிச் சனிக்கிழமை, புதன்கிழமை பூட்டிவிடுவார்கள். ஒரு கடையில் திருட்டு, ஒரு நாய் தொல்லை. நாலு இருபது இருக்கும். பதினேழாம் எண் வண்டி அதிகாரி ஒரு காரை நிறுத்தியிருப்பதாகச் சொன்னார். நூலகம் இருக்கும் சாலை. பிரேக் விளக்கு எரியவில்லை. சாம்பல் நிறக் கார். பிறகு ஓட்டுநரின் கடைசிப் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்.

யூனியன், லிங்கன், ஆடம்.

இந்த முறை நான் எழவில்லை. ஜார்ஜ், ஆடம், நோரா, ஆடம், டாம், ஹென்றி, ஆடம், நோரா. பதினொன்றும் வந்தது. என் பெயர்தான். முதல் பெயர் அமுதன். உயிரோடு இருக்கிறான், கார் ஓட்டுகிறான், விளக்குத்தான் எரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

நிதானக் குரல் பதில் சொன்னது. உரிமம் சரியாக இருக்கிறது. பிடியாணை இல்லை. ஆனால் அவர்மேல் ஒரு உத்தரவு இருக்கிறது, ஒருவரோடு தொடர்பு கொள்ளக்கூடாது.

"யாரோடு?"

"பாதுகாக்கப்பட வேண்டியவர் பெயர், யூனியன், லிங்கன், ஆடம்..." என்று மறுபடி முழுவதும் சொன்னாள். அதன் பிறகு பால், எட்வர்ட், டாம் என்று என் அப்பா பெயரையும் சொன்னாள். அதிகாரி பிறகு சொன்னார், "வண்டியில் கூட ஒரு பெண் இருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். அவர் அட்டையிலும் அதே பெயர்தான் இருக்கிறது. உத்தரவில் உள்ளவர் ஆணா, பெண்ணா?"

"அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது."

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றாக விளங்கியது. கோயில் சேவை, கருவாட்டு வாசனை, தோசை மாவு. அந்த அதிகாரிக்கு விளங்கியது வேறு. பாதுகாக்கப்பட வேண்டிய உலகநாதன் தமயந்தி என்று நினைத்துவிட்டார். யாரைச் சந்திக்கக்கூடாதோ அவரையே காரில் ஏற்றிக்கொண்டு சுற்றுகிறான். இன்னொரு வண்டி கேட்டார். உத்தரவை மீறியதற்காகக் கைது செய்யப்போவதாகச் சொன்னார். அவர் மைக்கை அழுத்திப் பேசும்போது பின்னால் தமயந்தியின் குரல் கேட்டது. "நோ சார். ஹஸ்பண்ட் நேம் சார். ஹஸ்பண்ட் நேம்." தமயந்தி இங்கிலீஷில் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"அவனைக் காப்பாற்றப் பார்க்கிறார்" என்றார் அதிகாரி.

நூலகத்துக்கு இங்கிருந்து காரில் நான்கு நிமிடம். சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். போய் நின்றால் நானும் அவனும் ஒரே இடத்தில். அப்போது அந்த உத்தரவு நிஜமாகவே மீறப்பட்டதாகிவிடும். சாவியை வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். மார்ச்சில் கூப்பிட்ட அதே எண். இனி என் பிணம் எரிந்தாலும் கூப்பிடமாட்டேன் என்று இருந்த எண்.

வேறொரு பெண் எடுத்தாள். என்ன அவசரம் என்றாள். நூலகச் சாலையில் நிற்கும் பையனின் அப்பா நான், உத்தரவில் இருப்பவன் நான்தான், காரில் இருப்பது அவன் அம்மா என்றேன். உங்கள் கடைசிப் பெயர் என்ன? பேச்சிமுத்து. பையனின் கடைசிப் பெயர்? உலகநாதன். அப்படியானால் நீங்கள் எப்படி அப்பா? என் முதல் பெயர்தான் அவனுக்குக் கடைசிப் பெயர், என் மனைவிக்கும் அதுதான், எங்களிடம் அப்படித்தான் என்றேன். மறுபடி சொல்லுங்கள் என்றாள். மறுபடி சொன்னேன். மூன்றாவது முறை சொல்லும்போது அழுதுவிட்டேன். பிறந்த தேதி கேட்டாள். அவன் இப்போது உங்கள் பக்கத்தில் இருக்கிறானா என்றாள். இல்லை, அவன் அறையில் நான் மட்டும் இருக்கிறேன் என்றேன். பின்னால் இரைகிற ரேடியோவைக் குறையுங்கள், நீங்கள் பேசுவது சரியாகக் கேட்கவில்லை என்றாள். குறைக்கவில்லை. அதில்தான் அவர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள்.

"தயவுசெய்து விலங்கு மட்டும் போடவேண்டாம்" என்றேன். இணைப்பிலேயே இருங்கள் என்றாள்.

ஒரு நிமிடம் இருக்கும். பெட்டியில் நிதானக் குரல் வந்தது. "பதினேழு, பாதுகாக்கப்பட வேண்டியவர் தொலைபேசியில் இருக்கிறார். ஆண். ஓட்டுநரின் தந்தை. தன் வீட்டில் இருக்கிறார். உங்களோடு இருக்கும் பெண் தாய், உத்தரவு அவருக்கு இல்லை. அவர்கள் வழக்கத்தில் தந்தையின் முதல் பெயரை எல்லோரும் கடைசிப் பெயராக வைத்துக்கொள்வார்களாம்."

நான் அழுதுகொண்டு சொன்னதை அவள் பஸ் நேரம்போலச் சொன்னாள். அந்தப் பெண் எந்த ஊரோ, நன்றாக இருக்கட்டும்.

"புரிந்தது" என்றார் அதிகாரி. "இரண்டாவது வண்டி வேண்டாம். விளக்குக்கு எச்சரிக்கை கொடுத்து அனுப்புகிறேன்."

தமயந்தி ஏழு மணிக்கு வந்தாள். டப்பாக்களைத் தொட்டியில் போட்டுக் கழுவினாள். முகத்தில் ஈயாடவில்லை. தயிர்சாதம் சாப்பிட்டோம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலை 160/98.

காபி கொண்டுவந்து வைத்தவள் போகாமல் எதிரில் உட்கார்ந்தாள்.

"மே மாசத்துலருந்து பாக்கேன்" என்றாள். "ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருக்கான். பொங்கித் திங்கத் தெரியல. சனிக்கிழமை கொண்டுபோய்க் குடுத்துட்டு, ரெண்டு பேரும் பார்க்ல உக்காந்துட்டு வருவோம். எனக்கு உத்தரவு கிடையாதுன்னு வக்கீல் சொல்லிட்டாரு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"நீங்க சொன்னியளா?"

நான் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரு கூப்பிட்டான்னு அன்னைக்கே தெரியும் எனக்கு. போலீஸ் பேப்பர்ல போட்டிருந்துச்சு. நீங்களா வாயத் தொறந்து சொல்லுவியள்னு இருந்தேன். பக்கத்து வீட்டு மனுசன் மேல பழியப் போட்டிய. உங்களுக்காவ அந்த ஆளுகிட்ட மூஞ்சியத் திருப்பிட்டுத் திரியுதேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பத்தேழு வயதில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு வெட்கம் வரும் என்று நினைக்கவில்லை.

"நேத்து நான் கூப்பிட்டது அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஆசையோடுதான் கேட்டேன். இந்த முறையாவது நல்லதுக்குக் கூப்பிட்டேனே.

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் போலீஸ்காரன் தன் வண்டியில உக்காந்து பேசிட்டு எங்ககிட்ட வந்தான். வந்து, 'உங்க அப்பா போன் பண்ணினாரு'ன்னான். அவ்வளவுதான் சொன்னான். மிச்சத்தைச் சொல்லதுக்குள்ள இவன் கதவைத் தொறந்து இறங்கிட்டான். இறங்கித் திரும்பி நின்னு, ரெண்டு கையையும் பின்னால கொண்டுபோயிட்டான். யாரும் சொல்லல. அவனா நிக்கான்."

காபி டம்ளரைத் தள்ளி வைத்தேன்.

"போலீஸ்காரனே ஒரு எட்டுப் பின்னால போனான். இல்லப்பா, நீ போலாம், உங்க அப்பா உனக்காவத்தான் பேசினாருங்கான். இவனுக்கு அது ஏறவே இல்ல. ரெண்டு தடவ சொன்ன பொறவுதான் கையை எடுத்தான். எடுத்துட்டு என்னைப் பாக்கான். எனக்குச் சாவலாம்னு இருந்துச்சு."

காபி ஆறி ஆடை படிந்துவிட்டது. அவள் எழுந்துபோய் மறுபடி சூடு பண்ணிக்கொண்டு வந்தாள். வைத்துவிட்டுச் சொன்னாள், "அந்த உத்தரவு வேண்டாம்னு நீங்க எழுதிக் குடுக்கலாமாம். நீங்க குடுத்தாத்தான் ஆவும். உங்களுக்கு வந்த கடுதாசியிலயே அது இருக்கு. தலைப்பைப் படிச்சிட்டு மடிச்சு வச்சுட்டிய."

போய் எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது, நான்காவது பத்தி.

செப்டம்பர் 29, திங்கள்

ஷிப்ட் முடிந்து வக்கீலுக்குப் போன் செய்தேன். நேரில் போய்ப் படிவம் கொடுக்க வேண்டும். நீதிபதி ஒரு நாள் குறித்து எங்கள் இருவரையும் விசாரிப்பாராம். பக்கத்து வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போனார். நின்று பேசினேன். என்ன பேசுவதென்று தெரியாமல் அவர் ரோஜாச் செடியைப் புகழ்ந்தேன்.

அக்டோபர் 1, புதன்

பூட்டிவிட்டார்கள். திரையில் எண் ஓடுகிறது, குரல் இல்லை. கால் மணி நேரம் பார்த்துவிட்டு அணைத்தேன். 150/92.

அக்டோபர் 3, வெள்ளி

காலை 152/94. பாதி நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனேன்.

மூன்று பக்கப் படிவம். கவுண்டருக்கு எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பினேன். பெயர் எழுதுமிடத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர். எதிர்த்தரப்பினரின் பெயர். உறவு: மகன். உத்தரவை நீக்கச் சொல்லும் காரணத்துக்கு ஏழு வரி விட்டிருந்தார்கள். நான்தான் அழைத்தேன், கண்டித்து அனுப்புவார்கள் என்று நினைத்தேன், அவன் என்னைத் தூக்க வந்தான் என்பதை நான் அன்று சொல்லவில்லை என்று எழுதினேன். ஏழு வரியும் சரியாக இருந்தது.

கடைசிப் பக்கத்தில் கட்டங்கள். உங்களை யாராவது வற்புறுத்தினார்களா? இல்லை. எதிர்த்தரப்பினரிடம் ஆயுதம் உண்டா? இல்லை. எதிர்த்தரப்பினரைக் கண்டு உங்களுக்குப் பயமாக இருக்கிறதா? இல்லை. அதற்குக் கீழே கையெழுத்து.

அவனுக்கு உங்களைக் கண்டு பயமா என்று அவர்கள் கேட்கவில்லை. இன்னொரு முறை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன், எங்கேயும் இல்லை. ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அந்தக் கேள்வியை நானே எழுதினேன். பக்கத்தில் ஒரு கட்டம் வரைந்து, ஆம் என்று குறித்தேன்.

கவுண்டரில் இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, ஓரத்தில் எதுவும் எழுதத் தேவையில்லை, புதுப் படிவம் தரட்டுமா என்றாள். வேண்டாம், அது இருக்கட்டும் என்றேன். அவள் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டாள்.